முதுகுத்தண்டில் எதை எடுப்பது, எதை விடுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம் பற்றி நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் எழுதும்போது, நரம்பை அழுத்தும் எலும்பை எடுப்பதையும் பிறகு ஸ்க்ரூ, ராடு வைத்து இறுக்குவதையும் ஒரே வேலையின் முன்பாதி, பின்பாதி போலச் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள். முதலாவது தேவைப்படும் பலருக்கு இரண்டாவது தேவைப்படாது. ஆனால் அது தானாக அமைவதில்லை. கால்வாயைத் திறந்தவர் எந்த எலும்பை, எந்தத் தசைநாரைத் தொடாமல் விட்டார் என்பதைப் பொறுத்தது. அந்த விவரம் வாசகர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

முள்ளெலும்பு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, அவற்றின் நடுவே ஓடும் குழாய்தான் தண்டுவடக் கால்வாய். முன்சுவர் எலும்பின் உடலும், ஊர் வழக்கில் ஜவ்வு என்று சொல்லும் டிஸ்க்கும். பின்பக்கம் லேமினா என்ற இரண்டு சாய்வுத் தகடுகள் ஓட்டுக் கூரைபோலக் கூடுகின்றன. கூடும் முகட்டிலிருந்து முள் நீட்சி வெளியே நீள்கிறது. முதுகைத் தடவினால் விரலில் தட்டுப்படுவது அதன் நுனிதான். கூரையின் இரு ஓரங்களிலும் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் பூட்டும் ஃபேசட் மூட்டுகள் இருக்கின்றன. லேமினாக்களுக்கு இடையிலான சந்தை மஞ்சள் தசைநார் மூடியிருக்கிறது. வயது ஏற ஏற டிஸ்க் பின்னால் புடைக்கும், மஞ்சள் தசைநார் தடிக்கும், ஃபேசட் மூட்டு பருக்கும். இப்படிப் பல பக்கமும் நெருக்கப்பட்டவர் நூறு இருநூறு மீட்டர் நடந்ததும் கால் கனத்து, மரத்து, உட்காரத் திண்ணை தேடுவார். குனிந்தால் கால்வாய் கொஞ்சம் விரியும் என்பதால் சைக்கிள் மிதிக்க முடியும், நிமிர்ந்து நடக்கத்தான் முடியாது. 1954-இல் நெதர்லாந்தின் ஹெங்க் வெர்பீஸ்ட் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். கால்வாயின் முன்-பின் அளவு 10 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் முழுச் சுருக்கம், 10-க்கும் 12-க்கும் இடையில் என்றால் ஓரளவு சுருக்கம் என்ற கணக்கு அவருடையது. நரம்பு வேர் வெளியே திரும்பும் பக்கவாட்டு மூலையின் ஆழம் 5 மி.மீ. இருந்தால் நல்லது, 3 மி.மீ.க்கு இறங்கினால் நெருக்கம்.

இதில் ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. இடுப்புப் பகுதியில் நெருக்கடி பெரும்பாலும் டிஸ்க் மட்டத்தில், ஃபேசட் மூட்டும் மஞ்சள் தசைநாரும் சேருமிடத்தில்தான். லேமினாவின் மேல்பாதிக்கு அடியில் வயதானவருக்கும் பெரும்பாலும் தாராளமாக இடம் இருக்கும். அப்படியானால் லேமினா முழுவதையும் ஏன் எடுக்க வேண்டும்? 1887-இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி தண்டுவடக் கட்டி ஒன்றை எடுப்பதற்காக லேமினாக்களை அகற்றியது வரலாற்றில் இடம்பெற்ற அறுவை. கட்டிக்குக் கால்வாயைத் திறந்து பார்த்தாக வேண்டும், எம்.ஆர்.ஐ.யும் மைக்ரோஸ்கோப்பும் இல்லாத காலம். அந்த லேமினெக்டமி முறையே அடுத்த நூறு ஆண்டுகளுக்குச் சுருக்க நோய்க்கும் வழக்கமாகிவிட்டது. முள் நீட்சியைக் கடித்து எடுப்பது, இருபுறத் தசையையும் எலும்பிலிருந்து உரிப்பது, கூரையை முழுக்கப் பிரிப்பது, தேவைக்கு ஃபேசட்டையும் கடிப்பது என்பதுதான் அந்த வழக்கம். நரம்புக்கு விடுதலை கிடைத்தது. சிலருக்குச் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மேல் எலும்பு கீழ் எலும்பின் மேல் வழுக்கியது.

வழுக்காமல் பிடித்திருப்பவை எவை என்று தெரிந்தால்தான் எதைத் தொடக்கூடாது என்பது புரியும். முதலாவது ஃபேசட் மூட்டு. ஆய்வுக்கூடத்தில் இடுப்பு முள்ளெலும்புகளை வைத்துச் செய்த சோதனைகளில், மூட்டின் உட்புற ஓரத்தை இருபுறமும் செதுக்கினாலும் அசைவு பெரிதாக மாறவில்லை; ஒரு பக்க மூட்டை முழுதாக எடுத்தால் அசைவு ஏற்கத்தக்க அளவைத் தாண்டியது. கழுத்தில் கோடு இன்னும் தெளிவானது: மூட்டில் பாதிக்கு மேல் போனால் நிலைத்தன்மை போனது. இரண்டாவது, மேல் மூட்டு முனையையும் கீழ் மூட்டு முனையையும் இணைக்கும் ஒடுக்கமான எலும்புப் பாலம், பார்ஸ் என்பார்கள். அறுவைக்குப் பிறகு இந்தப் பாலத்தில் 8 முதல் 10 மி.மீ. அகலமாவது மிஞ்ச வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. மூன்றாவது, முள் நீட்சிகளின் நுனியையும் இடைவெளியையும் கட்டும் தசைநார்கள். இவை முன்னால் குனிவதற்குக் கடிவாளம். நான்காவது மல்ட்டிஃபிடஸ் என்ற ஆழ்தசை. எக்ஸ்-ரேயில் தெரியாததாலோ என்னவோ, அதிகம் பேர் மறப்பது இதைத்தான். இதன் நரம்பு ஃபேசட் மூட்டின் ஓரமாகவே வருகிறது. தசையை மூட்டுக்கு வெளியே வரை உரித்தால் நரம்பு அறுபட்டு, தசை சுருங்கிக் கொழுப்பாக மாறும்.

இடுப்பு முழுக்க ஒரே அமைப்பு இல்லை. இடுப்பு முள்ளெலும்புகளை மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை எண்ணுவார்கள். எல்5-இல் லேமினா அகலம், ஃபேசட் மூட்டு கால்வாயின் நடுவிலிருந்து நன்றாக வெளியே தள்ளி இருக்கும். ஓரளவு தாராளமாகக் குடையலாம். மேலே எல்2, எல்1 நோக்கிப் போகப்போக லேமினா குறுகி, பார்ஸ் ஒடுங்கி, மூட்டுகள் நடுக்கோட்டை நெருங்கும். எல்4-எல்5-இல் பழகிய அதே அகலத்தை எல்2-எல்3-இல் எடுத்தால் பாலம் முறிந்துவிடும். கையில் இருக்கும் கருவி ஒன்றே, பழக்கமும் ஒன்றே. அதனால்தான் இந்தத் தவறு அனுபவசாலிகளுக்கும் நேர்கிறது.

அறுவைக்கு முன் செய்யவேண்டியதில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறோம். எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுப்பது. படுத்தால் வழுக்கிய எலும்பு பல நேரம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். படத்தில் ஒழுங்காகத் தெரிவதை நம்பி உள்ளே போகக் கூடாது. நிற்க வைத்து ஒரு பக்கவாட்டு எக்ஸ்-ரே, முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் சாய்ந்து ஒன்று, மொத்தம் மூன்று படம் வேண்டும். குனிவுக்கும் நிமிர்வுக்கும் இடையே எலும்பு 3, 4 மி.மீ.க்கு மேல் நகர்ந்தாலோ, 10 டிகிரிக்கு மேல் கோணம் மாறினாலோ அந்த மட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யிலேயே ஒரு துப்பும் உண்டு. ஃபேசட் மூட்டுக்குள் வெள்ளையாக நீர் தெரிந்து, அது 1.5 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால், நின்ற நிலையில் வழுக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்-ரே மிகச் சில நூறு ரூபாயில் முடிகிற சோதனை. பல ஆயிரம் ரூபாய்க்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு இது இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

இனி உள்ளே நடப்பது. ஒரு பக்கமாக நுழைந்து இரு பக்கமும் விடுவிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். இன்று எல்4-எல்5 சுருக்கத்துக்குப் பரவலாகச் செய்யப்படுவது இதுதான். நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கும்போது வயிறு தொங்கலாக, அழுத்தமின்றி இருக்க வேண்டும். வயிறு அழுந்தினால் கால்வாய்க்குள் உள்ள சிரைகள் புடைத்து, அறுவை முழுக்க ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் வேலை செய்யும் கை தேவைக்கு மேல் எலும்பை எடுக்கும். அறுவை மேஜையிலேயே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்-ரேயில் மட்டத்தை உறுதி செய்து, நடுக்கோட்டில் சுமார் 3 செ.மீ. வெட்டு. முள் நீட்சியின் ஒரு பக்கத்தில் மட்டும் தசையை உரிக்க வேண்டும். மறுபக்கத் தசை, நடுவிலுள்ள தசைநார்கள் எதுவும் தொடப்படாது. உரிப்பது ஃபேசட் மூட்டின் உறை தெரியும் இடத்தோடு நிற்க வேண்டும்; உறையைக் கிழிக்கக் கூடாது. தசையை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சில நிமிடம் தளர்த்த வேண்டும், இல்லையேல் ரத்த ஓட்டம் நின்று தசை செத்துப்போகும். எலும்பில் கை வைக்கும் முன் மட்டத்தை இன்னொருமுறை எக்ஸ்-ரேயில் பார்ப்பது நேரவிரயம் அல்ல.

மைக்ரோஸ்கோப்பின் கீழ், அதிவேக டிரில்லால் மேல் லேமினாவின் கீழ்ப்பாதியை உட்பக்கம் சாய்த்துக் குடைய வேண்டும், மஞ்சள் தசைநாரின் மேல் ஒட்டு தெரியும் வரை. அந்த ஒட்டு லேமினாவின் அடிப்பக்கத்தில் ஏறத்தாழ நடுவில் இருக்கும். அது முடியும் இடத்தில் கொழுப்பு தெரியும். அதுவே மேல் எல்லை, அதற்கு மேல் எடுக்க வேலையில்லை. கீழ் லேமினாவின் மேல் விளிம்பில் சிறிதளவு போதும். இந்தக் கட்டம் முழுவதும் மஞ்சள் தசைநாரை எடுக்காமல் வைத்திருப்பது முக்கியம். அடியில் இருக்கும் டியூரா என்ற மெல்லிய உறைக்கும் சுழலும் டிரில்லுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான். எலும்பு வேலை முடிந்த பிறகே அதைப் பிரிக்க வேண்டும்.

அடுத்து மேஜையை நுழைந்த பக்கத்துக்கு எதிராகச் சாய்த்து, மைக்ரோஸ்கோப்பையும் சாய்த்து, முள் நீட்சியின் அடிப்பகுதியைக் குடைந்தால் மறுபக்க லேமினாவின் உள்முகம் தெரியும். அதை உள்ளிருந்து மட்டும், வைர முனை டிரில்லால், தண்ணீர் விட்டுக்கொண்டே சன்னமாக்க வேண்டும். தண்ணீர் நின்றால் எலும்பு சூடேறி, பக்கத்து நரம்பு வெந்துபோகும். மறுபக்க ஃபேசட்டை அடிப்புறத்திலிருந்து குடைவதால் மூட்டின் வெளிமுகம் முழுதாகத் தப்பிவிடும். பலர் எதிர்பார்க்காத உண்மை இங்கேதான். அதிகம் ஆபத்தில் இருப்பது நுழைந்த பக்கத்து மூட்டு. அங்கே பார்வை நேர்க்குத்தாக இறங்குவதால், மூலையில் இருக்கும் நரம்பைப் பார்க்க மூட்டின் உட்பகுதியை அப்படியே வெட்டிவிடும் ஆசை வரும். எலும்பைக் கடித்தெடுக்கும் கெரிசன் பஞ்ச் என்ற கருவியை நேராக வைக்காமல் 45 டிகிரி வெளிநோக்கிச் சாய்த்து, மூட்டின் அடிப்பகுதியை மட்டும் கடிக்க வேண்டும். நாதஸ்வரத்தின் அணசுபோல வாய் குறுகி உள்ளே அகலும் துளை வர வேண்டும். உள்மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நின்று யோசிக்க வேண்டும்.

மூலை விடுபட்டதா என்பதற்கு அடையாளம் உண்டு. முனை மழுங்கிய வளைந்த கம்பி நரம்பு வேரோடு சேர்ந்து எலும்பின் உடலையும் பின்வளையத்தையும் இணைக்கும் பெடிக்கிள் என்ற தூணின் உள்ளோரம் வழியாகத் தடையின்றிச் செல்ல வேண்டும். போனால் போதும். எம்.ஆர்.ஐ. படத்தில் இருந்த எல்லாப் புடைப்பையும் அகற்றினால்தான் முழு வேலை என்று கருதுபவர்கள் இந்த இடத்தில் மூட்டைத் தின்றுவிடுகிறார்கள். டிஸ்க் கெட்டியாக, பிதுங்காமல் இருந்தால் அதையும் தொடவே கூடாது. டிஸ்க்கைக் குடைந்து எடுப்பது முன்பக்கத் தாங்கலையும் சேர்த்துப் பிடுங்குவதாகும்.

என்னென்ன தவறும்? முதலில் டியூரா கிழிவது. மறுபக்கம் எட்டிப் பார்க்கும்போது டியூராவின் நடு மடிப்பு மேலே எழும்பியிருக்கும். கெரிசனின் பாதம் அதைக் கவ்விவிடும். ஒட்டியிருக்கும் திசுவை மழுங்கல் கருவியால் பிரித்த பிறகே கடிக்க வேண்டும். கிழிந்தால் மெல்லிய நூலில் தையல், அல்லது தசைத் துண்டோ ஒட்டுப் படலமோ வைத்து அடைப்பது, ஒன்றிரண்டு நாள் படுக்கை. ஒழுங்காகச் சரிசெய்தால் பெரும்பாலும் நிலைத்தன்மைக்குப் பாதகம் இல்லை. இரண்டாவது ரத்தக் கட்டு. அறுவை முடிந்த இரவில் கால் பலம் குறைவது, சிறுநீர் நின்றுபோவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது ஆகியவை தெரிந்தால் விடியட்டும் என்று விடக்கூடாது, உடனே எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் அன்றே மறுபடி திறக்க வேண்டும். மூன்றாவதுதான் நம் பேச்சுக்குரியது: பார்ஸ் முறிவு, அல்லது மெலிந்துபோன ஃபேசட் முனை ஒடிவது. நோயாளி நன்றாகத்தான் எழுந்து நடப்பார். மூன்று நான்கு வாரம் கழித்து, வாளி தூக்கியபோதோ பஸ் குலுங்கியபோதோ முதுகில் பளிச்சென்று ஒரு வலி. பிறகு நின்றால் வலி, படுத்தால் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் நழுவிவிடக்கூடும், மெல்லிய வெட்டுகளாக எடுத்த சி.டி. ஸ்கேனில் கோடு தெரியும். வெறும் தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் இங்கே ஆபத்தானது.

இரு பக்கமும் தனித்தனியாகச் சிறு ஜன்னல் போட்டு நடுவை விட்டுவிடும் முறையும், முள் நீட்சியை நீளவாக்கில் பிளந்து தசையோடு சேர்த்தே விலக்கி, வேலை முடிந்ததும் கட்டிவிடும் முறையும் உண்டு. நார்வேயில் ஒரு பக்க நுழைவு, இரு பக்க ஜன்னல், முள் நீட்சியை வெட்டி விலக்குவது ஆகிய மூன்றையும் 437 பேரிடம் ஒப்பிட்டு 2022-இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே முறையின் பெயரைக் கேட்டு மருத்துவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

ஸ்க்ரூ விஷயத்துக்கு வருவோம். 2016-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. ஸ்வீடனில் 247 பேரில், விடுவிப்பு மட்டும் செய்தவர்களுக்கும் அதோடு எலும்பை இணைத்தவர்களுக்கும் இரண்டு ஆண்டுகளில் பலனில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில், எலும்பு லேசாக வழுக்கிய 66 பேரில், இணைத்தவர்கள் சற்று நன்றாக இருந்தார்கள். மறு அறுவை விடுவிப்பு மட்டும் செய்தவர்களில் 34 விழுக்காடு, இணைத்தவர்களில் 14 விழுக்காடு. 2021-இல் அதே இதழில் நார்வே ஆய்வு: எலும்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வழுக்கிய 267 பேர். இரண்டு ஆண்டுகளில் போதிய முன்னேற்றம் கண்டவர்கள் விடுவிப்பு மட்டும் செய்ததில் 71.4 விழுக்காடு, இணைத்ததில் 72.9. மறு அறுவை 12.5-உம் 9.1-உம். அமெரிக்காவின் 34 எங்கே, நார்வேயின் 12.5 எங்கே? கண்காணித்த காலமும் ஆட்களும் வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க ஆய்வில் முழு லேமினெக்டமி செய்தார்கள், நார்வேயில் நடுக்கோட்டுத் தசைநார்களைக் காப்பாற்றும் முறையில் செய்தார்கள் என்பதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் அந்த இடைவெளியின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.

இதை ஸ்க்ரூவுக்கு எதிரான வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குனியும்போது தெளிவாக நகரும் மட்டம், பார்ஸ் ஏற்கெனவே விட்டுப்போன வழுக்கல், பக்கவாட்டில் வளைந்து சாயும் முதுகு, நரம்பு வெளியேறும் துளையே அடைத்து மூட்டை முழுதாக எடுத்தால்தான் விடுபடும் என்ற நிலை இவற்றில் இணைக்காமல் விடுவது தவறு. அறுவையின் நடுவே மூட்டு எதிர்பாராமல் உடைந்துவிட்டாலும் அங்கேயே முடிவை மாற்றத்தான் வேண்டும். அதற்கான ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். இணைப்புக்கும் விலை உண்டு என்பது மட்டும்தான் எங்கள் கருத்து. ஒரு மட்டத்தை அசையாமல் கட்டினால் அதன் அசைவு மேலும் கீழும் உள்ள மட்டங்களுக்குப் போய், சில ஆண்டுகளில் அங்கே புதிய சுருக்கம் வரலாம்.

கழுத்துக்குக் கணக்கே வேறு. அங்கே சுமையில் சுமார் 64 விழுக்காடு பின்பக்க மூட்டுத் தூண்கள் வழியாகவும், மீதி 36 விழுக்காடு முன்பக்கம் வழியாகவும் இறங்குகிறது. நான்கைந்து கிலோ எடையுள்ள தலை அதன் மேல் நிற்கிறது. பின்பக்கம் பிடி தளர்ந்தால் தலை முன்னால் சரியும், சரிந்தால் பின்கழுத்துத் தசை இழுபட்டு இன்னும் பலமிழக்கும், இன்னும் சரியும். லேமினெக்டமிக்குப் பின் வரும் கூன் இப்படித்தான் ஒன்றை ஒன்று வளர்க்கிறது. தண்டுவடத்தை ஒட்டிய தசைநார் எலும்பாக மாறும் நோய் ஜப்பானில் அதிகம். அந்த நெருக்கடியில்தான் 1970-களின் கடைசியில் ஹிராபயாஷி கூரையைப் பிரிக்காமல் கதவுபோல ஒரு பக்கம் திறக்கும் லேமினோபிளாஸ்டியை உருவாக்கினார். குரோகாவா நடுவில் பிளந்து இரட்டைக் கதவாகத் திறந்தார்.

ஒற்றைக் கதவின் நுட்பம் முழுவதும் கீலில் இருக்கிறது. லேமினா பக்கவாட்டு எலும்பைச் சந்திக்கும் கோட்டில் 3 மி.மீ. டிரில்லால் இரு பக்கமும் வாய்க்கால் வெட்ட வேண்டும். அறிகுறி அதிகமுள்ள பக்கத்தில் முழுதாக அறுத்துவிடலாம். மறுபக்கத்தில் வெளிப்பட்டையும் நடு எலும்பும் மட்டும் போக, உள்பட்டை நிற்க வேண்டும். முள் நீட்சியை விரலால் தள்ளினால் பச்சை வேப்பங்குச்சி வளைவதுபோல நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். நெகிழவில்லை என்று முரட்டுத்தனமாகத் தள்ளினால் காய்ந்த குச்சியாக ஒடியும். ஒடிந்த லேமினா கால்வாய்க்குள் விழுந்து தண்டுவடத்தையே அழுத்தும். அளவுக்கு மீறிச் சன்னமாக்கினாலும் அதே கதி. வாய்க்காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வெட்டினால் ஃபேசட் மூட்டுக்குள் போய்விடும். எதைக் காக்கத் தொடங்கினோமோ அதுவே போச்சு. திறந்த கதவு மறுபடி மூடிக்கொள்ளாமல் சிறு பிளேட்டோ எலும்புத் துண்டோ வைத்துத் தாங்க வேண்டும்.

தசையில் இரண்டு இடங்கள் புனிதம். கழுத்து எலும்புகளை மேலிருந்து சி1 முதல் சி7 வரை எண்ணுவார்கள். சி2-இன் முள் நீட்சியில் வந்து சேரும் செமிஸ்பைனாலிஸ் தசையை அறுக்கக் கூடாது. தலையை நிமிர்த்திப் பிடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு. சி7-இன் முள் நீட்சியையும் முடிந்தவரை விட்டுவிட வேண்டும். இவை தப்பினால் அறுவைக்குப் பிந்தைய கழுத்துப் பிடிப்பும் கூனும் குறைகின்றன. இன்னொரு எச்சரிக்கை: கழுத்து ஏற்கெனவே முன்னால் வளைந்திருந்தால் கதவு திறந்து பயனில்லை. தண்டுவடம் பின்னால் நகர்ந்து தப்புவதற்குக் கூன் இல்லாத நேரான கழுத்தோ, பின்பக்கம் உட்குழிந்த இயல்பான கழுத்தோ வேண்டும். அந்த நோயாளிக்கு முன்பக்க அறுவையோ இணைப்போதான் சரி. நூறில் ஐந்து பேருக்குத் தோளைத் தூக்க முடியாத சி5 நரம்புத் தளர்ச்சி வருவதும், பெரும்பாலும் மாதக்கணக்கில் தேறிவிடுவதும் நோயாளிக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய செய்தி. கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் மாட்டவிடுவது தசையை இன்னும் மெலியவைக்கும்.

குழந்தைகளுக்குக் கட்டி எடுக்கும்போது இவை எல்லாமே இரட்டிப்பாகும். வளரும் எலும்பு சமனில்லாத சுமையில் கோணலாகவே வளரும். கழுத்திலும், கழுத்து மார்பைச் சந்திக்கும் இடத்திலும் கூன் வாய்ப்பு பெரியவர்களைவிட மிக அதிகம். லேமினாக்களை ஒரே துண்டாக எடுத்து, கட்டியை அகற்றிய பின் மறுபடி பொருத்தும் முறை இருக்கிறது. அதனால் மட்டுமே கோணல் தடுக்கப்படும் என்று நினைப்பது தவறு. மூட்டும் அதன் உறையும் தப்பினவா என்பதே பெரிய கேள்வி. வளர்ச்சி முடியும் வரை குறித்த இடைவெளியில் நின்ற நிலை எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி போய்விட்டது, பிள்ளை ஓடி விளையாடுகிறது என்று பெற்றோர் வருவதை நிறுத்திவிட்ட பிறகும் முதுகு வளையத் தொடங்கலாம்.

எண்டோஸ்கோப்பி பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு செ.மீ. அளவு இரண்டு துளைகள் போட்டு, உப்புநீர் ஓட்டத்தில் பார்த்துச் செய்யும் முறை இப்போது வேகமாகப் பரவுகிறது. தசைக்கு நல்லது, ரத்தம் குறைவு. ஆனால் நீர் வெளியேறும் வழி அடைபட்டால் கால்வாய்க்குள் அழுத்தம் ஏறி, தலைவலி, கழுத்து வலி, அரிதாக வலிப்புகூட வரும். நீர் வந்துகொண்டே வெளியேறுகிறதா என்பதை ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். விளம்பரங்களில் தழும்பின் அளவைத்தான் காட்டுகிறார்கள். தோலில் தழும்பு சின்னது என்பதற்கும் உள்ளே மூட்டு தப்பியது என்பதற்கும் சம்பந்தமில்லை. சின்னத் துளை வழியாகவும் ஃபேசட் மூட்டை முழுதாகக் கடித்துவிட முடியும், 5 செ.மீ. வெட்டு வழியாகவும் அதைக் காப்பாற்ற முடியும்.

இவ்வளவும் எழுதியதன் நோக்கம் ஒரு கோரிக்கை. நோயாளியின் கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ‘எல்4-எல்5 டிகம்பிரஷன் செய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. ஐந்து ஆண்டு கழித்து வலியோடு வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போகும்போது அந்த வரியால் எந்த உதவியும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது, வலது இடது ஃபேசட்டில் உத்தேசமாக எவ்வளவு எடுத்தது, பார்ஸில் எத்தனை மி.மீ. மிஞ்சியது, நடுக்கோட்டுத் தசைநார் இருக்கிறதா, டிஸ்க் தொடப்பட்டதா, டியூரா கிழிந்ததா என்ற ஆறு விவரத்தையும் எழுத இரண்டு நிமிடம் ஆகாது. அறுவைக்கு முந்தைய நின்ற நிலை எக்ஸ்-ரேயும், பிந்தைய ஆறாவது வாரத்து எக்ஸ்-ரேயும் ஃபிலிமாகவே நோயாளியிடம் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் காப்பீட்டுத் திட்ட மருத்துவமனைகளிலும் இந்த ஆறு விவரங்களை அறுவைக் குறிப்பின் படிவத்திலேயே கட்டாயக் கட்டங்களாகச் சேர்க்கலாம். அதுவரை, அறுவைக்கு நாள் குறித்திருக்கும் வாசகர்களும் அவர்களது வீட்டாரும் அந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் நேராகவே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிற அளவுக்கு அதில் ரகசியம் எதுவும் இல்லை.

இங்ஙனம்,
முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் இருவர்,
திருச்சி